சாக்பீஸ் குறிக்கு இடப்பக்கம்

ஏப்ரல் 23, புதன்

நேற்றோடு பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தல்காரர் காலையில் வந்து கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனார். வாசலில் நான்கு குழி கிடக்கிறது. மண் போட்டு மூட வேண்டும்.

அண்ணன் ஊருக்குக் கிளம்பும் முன் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "மே அஞ்சாந்தேதி திங்கக்கெழம ஸ்டேசன்ல உன்னைய விசாரிப்பாங்க மாராத்தா. என்ன கேட்டாலும் வாய் கொழறாம சொல்லோணும். ஒரு நோட்டுல எழுதி எழுதிப் பாரு. எழுதுனா மனசுல நிக்கும்."

நான் ஏழாவது வரைதான் படித்தேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதி வெகுநாள் ஆகிறது. வீட்டில் இருந்தது தரணியின் நோட்டு ஒன்றுதான். முன்பக்கம் அவன் எழுதியிருக்கிறான். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கத்தைத் திருப்பவில்லை.

சொல்ல வேண்டியது.

என் பெயர் மாராத்தாள். வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம். ஒரே மகன் தரணிதரன், வயது இருபத்து மூன்று, பிரிண்டிங் பட்டறையில் வேலை. எங்கள் காலனிக்குப் பின்னால் பாறைக்குழி இருக்கிறது. கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட குழி. தண்ணீர் நிற்கிறது. அதில் உயரத்திலிருந்து குதிப்பான். அதை செல்போனில் எடுத்துப் போடுவான். நிறையப் பேர் பார்ப்பார்கள். கூட்டாளி நவநீதன் எப்போதும் கூட இருப்பான். ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குதித்தபோது தண்ணீருக்குள் இருந்த பாறையில் அடிபட்டு இறந்துவிட்டான். நான் அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தேன்.

கடைசி வரியை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

குழிகளை மூடினேன். குழாயில் தண்ணீர் விட்டார்கள், எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். ஒருத்திக்கு எதற்கு இத்தனை குடம் என்று பிடித்த பிறகுதான் தோன்றியது.

அரிசி டிரம்மில் அரிசி நிறைய இருக்கிறது. ஆனாலும் கடையில் ஒரு கிலோ வாங்கிவந்தேன். "போன மாசந்தான மூட்டை எடுத்தீங்க?" என்று அண்ணாச்சி கேட்டார். வண்டு விழுந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 26, சனி

வேலைக்குப் போனேன். செக்கிங் என்றால் என்ன என்று ஸ்டேசனில் கேட்டாலும் கேட்பார்கள். டியூப்லைட் எரியும் மேசையில் தைத்து வந்த பனியன் பீஸை விரிப்போம். வெளிச்சத்துக்கு வாகாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, எல்லாம் கண்ணுக்குப் பட வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைத்துவிட்டால், டெய்லர் அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இருபது வருடமாக இதே வேலை. மாராத்தாக்கா கையில் மாட்டினால் தப்பவே முடியாது என்று டெய்லர்மார் திட்டுவார்கள்.

பக்கத்து மேசை வளர்மதி சாப்பாட்டு நேரத்தில் என் தோளைத் தொட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "யக்கா, அன்னிக்கு ஞாயித்துக்கெழம நீங்க ஓவர்டைமுக்கு வருலீங்கள்ல? நான் உங்களத் தேடுனேன்" என்றாள்.

"வந்தேன். மேல் மாடில இருந்தேன்."

"மேல் மாடி பூட்டியில்ல கெடந்துது?"

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். பாட்டில் நிறையவே இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன், ஸ்டேசனுக்காக இல்லை. தரணி குதிக்க ஆரம்பித்தபோது நான் திட்டினேன். துடைப்பத்தை எடுத்து அடித்தேன். அவனுடைய டவுசரை ஒளித்துவைத்தேன், லுங்கியோடு போய்க் குதித்துவிட்டு வந்தான். முதலில் எங்கள் காலனிப் பையன்கள் நான்கு பேர்தான். தீபாவளிக்குப் பிறகு கோயமுத்தூர், ஈரோடு என்று கார் போட்டு வர ஆரம்பித்தார்கள். தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு பெண்பிள்ளைகள்கூட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாறைக்குழி ஓரம் ஐஸ் வண்டி நிற்கும். ஒரு ஷூ கம்பெனிக்காரர்கள் தரணிக்கு ஒரு ஜோடி அனுப்பினார்கள். தண்ணீரில் குதிக்கிறவனுக்கு எதற்கு ஷூ என்று நானும் அவனும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒருநாள் மத்தியானம் தையல் பிரிவுப் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். "இது உங்க பையனுங்களாக்கா? ரெண்டு லட்சம் பேரு பாத்துருக்காங்க!" என்றார்கள். இருபது வருடத்தில் அவர்கள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. தப்புக் கண்டுபிடிக்கிறவளோடு யார் உட்காருவார்கள்? அன்றைக்கு உட்கார்ந்தார்கள். ஒருத்தி முட்டை வைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டேன். "அடுத்தது எப்ப சாமி?"

நானேதான் கேட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்று வாரம்.

ஏப்ரல் 28, திங்கள்

நவநீதனின் அம்மா சுலோச்சனா வந்தாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடு நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தினமும் ஸ்டேசனுக்குக் கூப்படறாங்கக்கா. காலைல போனா சாயங்காலந்தான் உடறாங்க. பட்டறைல வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. உங்கண்ணன் என்ற பையன்தான் தள்ளியுட்டான்னு எழுதிக் குடுத்துருக்காருங்கக்கா. நீங்க சொல்லுங்க, நவநீதன் தள்ளியுடுவானா? உங்க கையால எத்தன நாளு தின்னுருப்பான்?"

"எனக்கொண்ணும் தெரியாது சுலோச்சனா. நான் அங்க இல்ல."

"நீங்க அங்க இருந்தீங்கன்னு நான் சொல்லுலீங்களே."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னாள். ஆனாலும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் வெகுநேரம் வாசலில் நின்றாள். போகும்போது, கவிழ்ந்து கிடந்த என் பக்கெட்டை நிமிர்த்திவைத்துவிட்டுப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

அண்ணன் போன் செய்தார். "கேசு பலமா இருக்குது கண்ணு. பாறை மேல சாக்பீஸ்ல குறி போட்டுருக்குது. அந்தக் குறிக்கு நேரா குதிச்சா இருபத்தாறடி தண்ணி, ஒண்ணும் ஆயிருக்காது. நம்ம பையன் உளுந்தது அதுக்கு எடப்பக்கம் நாலடி தள்ளி. அளந்து குறி போட்டவன் எதுக்குத் தள்ளிப்போய்க் குதிக்கறான்? எவனோ புடிச்சுத் தள்ளியிருக்கான். மேல இருந்தவன் நவநீதன் ஒருத்தன்தான். அவனே ஒத்துக்கிட்டான், நான்தான் மேல நின்னு வீடியோ எடுத்தேன்னு. போனு எங்கடான்னா தண்ணில உளுந்துருச்சுங்கறான். எல்லாம் பொய்யி."

"ஆமாண்ணா" என்றேன்.

"என்ன ஆமா?"

"எல்லாம் பொய்யி."

குறியைப் பற்றி நானும் சொல்ல முடியும். தரணி முரட்டுத்தனமாகக் குதிக்கிறவன் இல்லை. நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பான். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. நவநீதன் லாரி டியூபில் மிதந்துகொண்டு கீழே தடவிப் பார்ப்பான். ஆழம் சரியாக இருக்கிற இடத்துக்கு நேர் மேலே பாறையில் தரணி பெருக்கல் குறி போடுவான். அந்தக் குறியில் குதிகாலை வைத்துத்தான் குதிப்பான். தரணி குதிக்கிறபோது நவநீதன் கீழே தண்ணீரில் டியூபோடு காத்திருப்பான். ஒருநாளும் மாறாது.

ஒருநாளும் மாறாது என்று எழுதிவிட்டேன். அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அந்த சாக்பீஸ் எங்கள் கம்பெனி கட்டிங் மேசையில் இருந்து நான் டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்ததுதான்.

மே 1, வியாழன்

மே தினம், கம்பெனி லீவு. மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள், இரண்டு பையன்கள், ஒரு பெண். கோயமுத்தூர்ப் பிள்ளைகள். அந்தப் பெண் பெயர் மிருணா. தலைக்கேமரா போட்டுக்கொண்டு வருமே, அந்தப் பெண்தான். தரணி படத்துக்குப் பூ வாங்கிவந்திருந்தாள். அவனைப் பற்றிப் பேசினார்கள். அவன்தான் காலைச் சேர்த்து வைத்து இறங்கச் சொல்லிக்கொடுத்தானாம். பயந்தவர்களை ஒருநாளும் கேலி பண்ணமாட்டானாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் மிருணா சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழம தரணி அண்ணா ஞாபகமா எல்லாரும் குதிக்கறோங்கம்மா. நாப்பது பேரு வர்றாங்க. பெங்களூர்ல இருந்துகூட வர்றாங்க."

"எங்க?"

"அண்ணா குதிச்ச எடத்துலயேதாங்க. அதுக்குத் தரணி பாயிண்ட்டுன்னு பேரு வெச்சுட்டோம். மொதோ ஜம்ப்ப நீங்க எடுத்துக் குடுக்கோணுங்கம்மா. உங்க கையால."

ஒரு பையன் அவனுடைய செல்போனை என் பக்கம் நீட்டினான். "ரொம்ப ஈஸிம்மா. இந்தச் செவப்பு வட்டத்தத் தொட்டா போதும்."

எனக்கு அந்த வட்டம் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குறி இருக்கற எடத்துலயா குதிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"குறி பக்கம் வெயில் எதுக்கால அடிக்குதுங்கம்மா, வீடியோல மூஞ்சி தெரியாது. எடப்பக்கம் ரெண்டு எட்டு தள்ளுனா சூப்பரா உளுகுது."

"அங்க வேண்டாம். அங்க அடியில பாறை இருக்குது."

"அதெல்லாம் இல்லீங்கம்மா. நவநீதன் தள்ளுனதுல அண்ணா கோணலா உளுந்து அடிபட்டுருச்சு. நேரா குதிச்சா ஒண்ணும் ஆகாது."

"அவன் தள்ளுல! நேராத்தான் குதிச்சான். காலச் சேத்து வெச்சு நேராத்தான் எறங்குனான்!"

மூவரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். மிருணா மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு எப்படீங்கம்மா தெரியும்?"

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவர்கள் போகிற சத்தம் கேட்கும்வரை அரிசி டிரம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 2, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பினேன்.

பக்கம் பக்கமாகத் தேதி, உயரம், ஆழம். அவன் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். கடைசியாக எழுதியது இது.

"6.4 ஞாயிறு. உயரம் 38 அடி. குறிக்கு நேர் கீழே 26. வலது 24. இடது பாக்கல, நேரமாயிடுச்சு. அடுத்த வாரம். இன்னிக்கு வீடியோ அம்மா எடுக்குது."

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான்.

அன்றைக்கு நான் கம்பெனிக்குப் போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

அவன் கூப்பிடவில்லை. நான்தான் கேட்டேன். "ஒருக்கா நான் எடுக்கறேன் சாமி. எங்கம்மா எடுத்ததுன்னு போடு" என்றேன். தையல் பிள்ளைகளிடம் காட்டலாம் என்று இருந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அதைப் பார்த்து நவநீதன், "என்னம்மா, நீங்களும் குதிக்கறீங்களா?" என்று சிரித்தான். அவன் டியூபை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். தரணி என்னை எதிர்ப்பாறையில் நிறுத்தினான். எங்கே தொட வேண்டும் என்று காட்டிவிட்டுக் குறிக்குப் போனான்.

முதல் குதி நன்றாகக் குதித்தான். மேலே ஏறி ஓடிவந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு பேரும் பார்த்தோம். வெயில் அவனுக்குப் பின்னால் இருந்தது. ஆள் முழுக்கக் கருப்பாகத்தான் விழுந்திருந்தான். கரிக்கட்டை விழுந்த மாதிரி. ஓரத்தில் என் விரல்.

"பரவால்லம்மா. போதும்" என்றான்.

"மூஞ்சியே தெரியுல. இது ரிஜக்ட்டு. இன்னொருக்கா குதி" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். நான் இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன், அப்போதும் கருப்புத்தான். அவனுக்கு இடப்பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டு சூரியனை மறைத்தது. அங்கே நின்றால் முகம் நன்றாக விழும். இருபது வருடமாக நான் செய்கிற வேலை அது. பீஸ் சரியாகத் தெரியவில்லை என்றால் வெளிச்சம் வாகாக விழும் இடத்துக்கு இழுப்பேன்.

"அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்று கத்தினேன்.

"குறி இங்கதாம்மா இருக்குது."

"ரெண்டு எட்டு தள்ளுனா என்ன? எல்லாம் ஒரே தண்ணிதான?"

அவன் குனிந்து கீழே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். தள்ளி நின்றான்.

இவ்வளவுதான். இவ்வளவையும் எழுதிவிட்டேன்.

செல்போன் அரிசி டிரம்முக்குள்தான் இருக்கிறது. வெளியே எடுத்தேன். உறை இடுக்கில் அரிசி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். சார்ஜில் போட்டிருக்கிறேன். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நவநீதன் கீழே தண்ணீரில் இருந்தான். கீழே இருந்தவன் எப்படித் தள்ள முடியும்? நான் மேலே இருந்தேன் என்பதும் அவனுக்குத் தெரியும். இருபத்தாறு நாளாக அவன் ஏன் அதைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாது என்றுதான் அவன் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன்.

மே 3, சனி

திங்கட்கிழமை வரை வைத்திருக்க முடியாது. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் குதிப்பார்கள். அண்ணனுக்குப் போன் செய்து, ஸ்டேசனுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

உள்ளே பெஞ்சில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், பழைய பழக்கம். அவன் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

எழுதிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. செல்போனை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன். "இது என்ற பையன் போனுங்க. தண்ணில உளுகுல. என்ற ஊட்டுல இருந்துது. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"போன எடுத்தீங்களா, வீடியோ எடுத்தீங்களா?"

"ரெண்டும்."

அண்ணன் எழுந்துவந்தார். "சார், பையன் போனதுல இருந்து அதுக்குப் புத்தி சரியில்லீங்க. மாராத்தா, வா போலாம்."

"செத்த இருண்ணா."

இன்ஸ்பெக்டர் வீடியோவை ஓடவிட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஆனால் காதை மூட முடியவில்லை. என் குரல் இவ்வளவு சத்தமானது என்று எனக்குத் தெரியாது. "எல்லாம் ஒரே தண்ணிதான?" என்றது. அப்புறம், "ஆ, இப்பத்தான் மூஞ்சி தெரியுது. என்ற ராசா. குதி சாமி" என்றது.

அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. நான் அதை நிறுத்தியிருக்கவே இல்லை. கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன். என் மூச்சு இரைக்கிறது. ரோட்டில் போனவர்களிடம் "ஆள் உளுந்துட்டாங்க, ஓடுங்க" என்று கத்துகிறேன். யார் ஆள் என்று சொல்லவில்லை. நிறையப் பேர் ஓடுகிற சத்தம். வெகுநேரம் கழித்து என்னுடைய சின்ன போன் அடிக்கிறது, மகனுக்கு அடிபட்டதைச் சொல்ல யாரோ கூப்பிடுகிறார்கள். முள்ளுமரத்துக்குப் பின்னால் போய்த்தான் அதை எடுத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேற்று இந்த நோட்டில் அதை எழுதாமல் விட்டேன். இவ்வளவுதான் என்று எழுதினேன்.

"இல்லீங்க" என்கிறது என் குரல். "நான் கம்பெனில இருக்கறனுங்க. என்னாச்சுங்க என்ற பையனுக்கு?"

பாறைக்குழியில் கூடிய கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். அவனைத் தூக்கி வந்தபோது அப்போதுதான் வந்தவள் மாதிரி விழுந்து அழுதேன். அழுகை பொய் இல்லை. வந்ததுதான் பொய்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார். பெண் போலீஸ் ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நவநீதன் கீழே டியூபில் இருந்தான் என்பதையும் சொன்னேன். நாளைக்குப் பாறைக்குழிக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நவநீதன் நின்றான். சுலோச்சனா தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏஞ்சாமி சொல்லாம இருந்தே?" என்று கேட்டேன். "கீழ இருந்தேன்னு சொல்லியிருந்தா உன்னைய உட்டுருப்பாங்களே."

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். "அவன்தாங்கம்மா சொன்னான். டியூப்புல ஏத்தறப்ப பேசுனான். ஒரே ஒரு வார்த்ததான். 'அம்மாவ எறங்க வேண்டாம்னு சொல்லு, வழுக்கும்.' அதுக்கப்புறம் ஒண்ணும் பேசுல."

எனக்குக் கேட்டிருந்தது. கீழே இருந்து நவநீதன் "எறங்காதீங்கம்மா, எறங்காதீங்க" என்று கத்தியது கேட்டது. பார்க்கக்கூடிய நிலையில் அவன் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் ரோட்டுக்கு ஓடினேன்.

"உங்கள இதுல எறக்கக் கூடாதுன்னு நான் நெனச்சுக்கிட்டனுங்கம்மா" என்றான். "அவன் சொன்னது வழியப் பத்தித்தான். எனக்கும் தெரியும். ஆனா கடைசியாச் சொன்னது அது ஒண்ணுதான?"

சுலோச்சனா கூப்பிட்டாள், போனான். அவள் என்னைத் திட்டவே இல்லை. அவள் கோபம் எனக்கு வர வேண்டிய ஒன்று. அதைக்கூட அவள் தரவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை ஆறரைக்கே பாறைக்குழிக்குப் போய்விட்டேன். தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் அடியில் ஒரு திட்டு மங்கலாகத் தெரிந்தது. மாட்டு முதுகு மாதிரி. ஒரு மாதம் முன்னால் இவ்வளவு தண்ணீர் குறைந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அவன் போட்ட குறி பாதி அழிந்திருந்தது. அதற்கு இடப்பக்கம், அவன் கடைசியாக நின்ற இடத்தில், சாக்பீஸால் பெரிய அம்பு ஒன்று போட்டேன். தப்பு இருக்கிற பீஸில் ஒட்டுகிற மாதிரி. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

எட்டு மணிக்கு மேல் கார்கள் வந்தன. தரணி படம் போட்ட பேனர், மேளம், ஐஸ் வண்டி. நாற்பது பேருக்கு மேலேயே இருக்கும். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பாதையில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. மிருணா என்னைப் பார்த்துவிட்டு மேளத்தை நிறுத்தச் சொன்னாள். "வாங்கம்மா. எடுத்துக் குடுக்க வந்தீங்களா?"

"இல்ல கண்ணு. சொல்ல வந்தேன்."

எல்லாரும் செல்போனை என் பக்கம் தூக்கினார்கள். அத்தனை சின்ன சிவப்பு வட்டம். முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ற பையன யாரும் தள்ளியுடுல. நவநீதன் கீழ தண்ணில இருந்தான். குறில இருந்து இங்க தள்ளி நிக்கச் சொன்னது நானு. மூஞ்சி தெரியுலன்னு சொன்னேன். அவன் என்ற பேச்சக் கேட்டு இந்த எடத்துல நின்னு குதிச்சான். கீழ பாறை இருக்குது. எட்டிப் பாருங்க, தெரியும். யாரும் குதிக்க வேண்டாம். கும்படறேன்."

சிலர் எட்டிப் பார்த்தார்கள். மேளக்காரர் மேளத்தைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார். மிருணா உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ "சொந்தத் தாயே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும்.

முன்வரிசையில் நின்ற ஒரு பையன், நல்ல பையன்தான், கண் கலங்கியிருந்தான். செல்போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெயில் எதுக்கால இருக்குது. உங்க மூஞ்சி தெரியுல, கருப்பா உளுந்துருச்சு. செத்த அந்தப் பக்கம் தள்ளி நின்னு இன்னொருக்கா சொல்றீங்களா? எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்."

நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இன்னொருக்கா சொன்னேன்.